பழைய புகைப்பட அஞ்சலட்டைகள்: ஆல்பத்தில் ஒட்டியிருப்பதைப் பிரிக்கலாமா?

கதிர்க்கட்டு:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் ஒரு பழைய ஆல்பம் கைக்கு வந்தது. கறுப்புத் தாள், மொத்தம் 62 அட்டைகள், அத்தனையும் நாட்டுப்புற வேலைகள். கதிரடிப்பு, ஆட்டு ரோமம் கத்தரிப்பு, உறைந்த ஏரியில் ஐஸ் அறுப்பது, கிணறு தோண்டுவது, கொல்லன் பட்டறை, நாய் பூட்டிய பால் வண்டி. சேர்த்தவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் ஒரே ஆள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது என்பது நாலு பக்கம் புரட்டினாலே புரிந்துவிடும். நகரத்துப் படம் ஒன்றுகூடக் கிடையாது.

நாற்பது அட்டைகள் தாள் மூலைகளில் செருகியவை. மீதி 22 பசை போட்டு ஒட்டியவை. என் மனதைப் பிடித்துக்கொண்ட அட்டை ஒட்டியவற்றில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் நீராவி எஞ்சின், மறுபக்கம் கதிரடிக்கும் இயந்திரம், நடுவே நீளமான பெல்ட். பதினான்கு ஆண்கள். வலது ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண், கையில் மூடி போட்ட வாளி. கீழே வெள்ளை எழுத்தில் ஓர் ஆங்கில வரி, அதில் ‘எஸ்’ எழுத்து திரும்பி நிற்கிறது. உடைகளைப் பார்த்தால் 1905 வாக்கில் எடுத்ததாகத் தோன்றுகிறது. இடது மேல்மூலை மட்டும் பசை விட்டு எழும்பியிருக்கிறது, அடியில் பென்சில் எழுத்து தெரிகிறது.

கேட்க வேண்டியது இரண்டு. இவை அசல் புகைப்படங்களா, அச்சடித்தவையா என்று எப்படிப் பார்ப்பது? ஒட்டியதைப் பிரித்து அந்தப் பென்சில் எழுத்தைப் படிக்க வழி உண்டா?

லூப்கண்:

வாங்க நண்பரே. முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், இரண்டாவதுக்கு இங்கே ஆள் இருக்கிறார்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று போதும். சாம்பல் நிறமாக இருக்கும் ஓர் இடத்தை, உதாரணமாக யாராவது ஒருவருடைய சட்டைக் கையைப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. புள்ளி வரிசை இல்லாமல், உலர்ந்த களிமண் வெடித்ததுபோல நெளிநெளியான நுண்கோடுகள் தெரிந்தால் கோலோடைப். ஜெலட்டின் தகட்டிலிருந்து மையால் அச்சடிக்கும் முறை அது. நிறைய பேர் இதைப் புகைப்படம் என்று நம்பி ஏமாந்திருக்கிறார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். புள்ளியும் இல்லை, நெளிவும் இல்லை, கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்துப் போகிறது என்றால் அதுதான் நிஜப் புகைப்படம்: நெகட்டிவிலிருந்து நேராகப் போட்ட வெள்ளி ஜெலட்டின் பிரதி.

இன்னொரு அடையாளம் உண்டு. அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓரங்களில், அதுவும் கறுப்பான இடங்களில், நீலம் கலந்த உலோகப் பளபளப்பு வரும். படத்திலுள்ள வெள்ளி காலப்போக்கில் மேலே வந்து படிவதால் அப்படி. மையால் அடித்த அட்டையில் இது வராது.

இருட்டறையில் புற ஊதா டார்ச்சும் அடித்துப் பாருங்கள். தாளை வெண்மையாக்கும் ஒளிரும் வேதிப்பொருளைப் புகைப்படத் தாளில் சேர்த்தது 1950-களை ஒட்டித்தான். ஆகவே 1910 என்று சொல்லும் அட்டை நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது பின்னாளில் போட்ட பிரதி. ஒளிராததாலேயே பழையது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. சந்தேகத்தை ஒரு பக்கமாக மட்டும் தீர்க்கும் சோதனை இது.

முத்திரைப்பிரியன்:

நான் தபால்தலைப் பக்கமிருந்து வந்தவன், அதனால் எனக்கு அட்டை என்றாலே முதலில் முதுகுதான். தபால்தலை ஒட்டச் சொல்லி ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, அமெரிக்க அட்டைகளில் புகைப்படத் தாளின் வணிகப் பெயரை அந்தக் கட்டத்தைச் சுற்றி அச்சடித்திருப்பார்கள். அதிகம் கிடைப்பது ‘ஏ இஸட் ஓ’ என்ற மூன்றெழுத்து. கட்டத்தின் நான்கு மூலைகளிலும் சிறு முக்கோணங்கள் இருக்கும். நான்கும் மேல்நோக்கி இருந்தால் சுமார் 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே பார்க்க, இரண்டு கீழே பார்த்தால் சுமார் 1918 முதல் 1930 வரை. இது தாள் செய்த காலம்தான். படம் எடுத்த காலம் முன்னாலும் இருக்கலாம், வாங்கிவைத்த தாளைப் பிறகு பயன்படுத்தியும் இருக்கலாம்.

முதுகு நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான். சொல்ல வந்ததைப் படத்தின் ஓரத்திலேயே எழுத வேண்டும். பிரிட்டன் 1902-லும், ஜெர்மனி 1905-லும் முதுகில் செய்தி எழுத இடம் விட்டன. அமெரிக்காவில் 1907 மார்ச் 1 முதல். அதற்கப்புறம்தான் வெள்ளம்: 1908 ஜூனோடு முடிந்த ஒரே நிதியாண்டில் அங்கே 67 கோடிக்கும் மேல் அஞ்சலட்டைகள் போயிருக்கின்றன. அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை ஒன்பது கோடிக்குச் சற்றுக் குறைவு. பண்ணை வீட்டு வாசலுக்கே தபால் கொண்டுபோகும் சேவை 1902-ல் நிரந்தரமாகியிருந்தது. வயல்காட்டு மனிதர்களின் படங்கள் இவ்வளவு கிடைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் அட்டையில் எழும்பியிருப்பது இடது மேல்மூலை என்றீர்கள். முன்பக்கத்தின் இடது மேல்மூலைக்குப் பின்னால்தான் தபால்தலைக் கட்டம். தூக்காதீர்கள், மடக்காதீர்கள். ஒரு சின்னக் கண்ணாடியை அடியில் சரித்துப் பிடித்துப் பார்க்க முடிகிறதா?

கதிர்க்கட்டு:

கண்ணாடி வைத்துப் பார்த்தேன் சார். முழுக் கட்டமும் தெரியவில்லை, வலது விளிம்பு மட்டும் தெரிகிறது. கடைசி எழுத்து ‘ஓ’. மேலே உள்ள முக்கோணம் மேல்நோக்கி, கீழே உள்ளது கீழ்நோக்கி. அப்படியென்றால் 1918-க்குப் பிறகா? எனக்கு நம்பவே முடியவில்லை. சஸ்பெண்டர், தொளதொள சட்டை, ஒருவர் தலையில் உருண்டைத் தொப்பி. எல்லாம் அதற்கு முந்தைய காலத்து உடைகள்.

முத்திரைப்பிரியன்:

வேலைக்குப் போட்டுப்போகும் உடையை வைத்துக் காலம் சொல்லக் கூடாது. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு யார் கதிரடிக்கப் போவார்கள்? பத்து வருடத்துக்கு முன் கல்யாணத்துக்குத் தைத்தது, அண்ணன் போட்டுக் கழித்தது, இப்படித்தான் களத்துக்கு வரும். ஸ்டூடியோ படத்தில் உடை உதவும், களத்துப் படத்தில் உடை பத்துப் பதினைந்து வருடம் ஏமாற்றும்.

காகிதச்செவிலி:

நான் ஆவணங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். கதிர்க்கட்டு, தயவுசெய்து இதைப் படித்து முடிக்கும்வரை அந்த மூலையில் கை வைக்காதீர்கள்.

புகைப்பட அட்டை என்பது வெறும் தாள் இல்லை. அடியில் கனமான தாள், மேலே வெள்ளியைத் தாங்கிய ஜெலட்டின் படலம். இரண்டும் ஈரத்துக்கு வெவ்வேறு மாதிரி நீளும், காய்ந்தால் வெவ்வேறு மாதிரி சுருங்கும். கெட்டிலின் ஆவியில் காட்டினால் பசை இளகும் என்று இணையத்தில் போட்டிருப்பார்கள். பசைக்கு முன்னால் ஜெலட்டின் இளகிவிடும். இளகிய ஜெலட்டின் தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். கத்தியை அடியில் விட்டு நெம்பினால் அட்டையின் முதுகே உரிந்து ஆல்பத் தாளில் தங்கிவிடும். நீங்கள் படிக்க ஆசைப்படும் பென்சில் எழுத்து அந்த உரிந்த தோலில்தான் இருக்கும்.

எங்கள் வேலையில் சொல்வது ஒன்றுதான்: தாளிலிருந்து அட்டையைப் பிரிக்காதே, அட்டையிலிருந்து தாளைப் பிரி. அட்டையை முகம் குப்புற, தட்டையாக, துளி வளையாமல் வைத்துக்கொண்டு ஆல்பத் தாளைப் பின்னாலிருந்து படலம் படலமாக மெலிதாக்கிக்கொண்டே வர வேண்டும். கடைசிப் படலத்துக்கும் பசைக்கும் மட்டும் தேவையான அளவு ஈரம். பழகிய கைக்கே ஓர் அட்டைக்கு அரை நாள் ஆகலாம். அதுவும் அந்தப் பக்கத்தின் மறுபுறம் வேறு அட்டை ஒட்டியிருக்கக் கூடாது. உங்கள் ஆல்பத்தில் மறுபுறம் என்ன இருக்கிறது?

அதற்கெல்லாம் முன்னால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றையும் முழுப் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். வெற்றுப் பக்கம் இருந்தால் அதையும். எது எதற்கு எதிரே இருந்தது என்பதும் ஒரு சாட்சிதான், பிரித்த மறுநிமிடம் அது போய்விடும்.

அட்டைப்பெட்டி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன் அக்கா. முப்பது வருடமாகச் சேர்க்கிறேன். ஆல்பம் கிடைத்தால் செருகிய அட்டைகளை எடுத்துவிட்டு, தொழில் வாரியாகப் பெட்டியில் அடுக்குவதுதான் என் வழக்கம். ஆல்பம் போட்டவர் கையில் கிடைத்த வரிசையில் செருகியிருப்பார், அதைப் பூஜிக்க வேண்டுமா?

தொழில் வாரியாக அடுக்கினால்தான் கண் திறக்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். மீன் சுத்தம் செய்யும் ஸ்காட்லாந்துப் பெண்களின் அட்டைகள் என்னிடம் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. ஹெர்ரிங் மீன் கூட்டம் தெற்கே நகர நகர, இவர்களும் கடற்கரை ஓரமாகவே இங்கிலாந்தின் யார்மத் துறைமுகம் வரை போவார்கள். மூன்று பேர் ஒரு குழு: இருவர் குடல் எடுப்பார்கள், ஒருவர் பீப்பாயில் உப்போடு அடுக்குவார். ஓர் அட்டையைத் தனியாகப் பார்த்தபோது சிரித்த முகங்கள்தான் எனக்குத் தெரிந்தன. முப்பதையும் வரிசையாக வைத்தபோதுதான் விரல்களைக் கவனித்தேன். ஒவ்வொரு விரலிலும் துணிக் கிழிசல் சுற்றி நூலால் கட்டியிருக்கிறார்கள். கத்தி வெட்டும், வெட்டில் உப்பு இறங்கும், அதற்காக. வேலை இல்லாத நேரத்தில் எடுத்த படத்தில்கூட கட்டு அப்படியே இருக்கிறது, கையில் பின்னல் ஊசி. ஒற்றை அட்டை இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருக்காது.

தறிக்காரி:

அண்ணா, விரல் கட்டு விஷயம் அருமை. இனி அந்த அட்டை எங்கே கண்ணில் பட்டாலும் முதலில் விரலைத்தான் பார்ப்பேன்.

ஆனால் தொழில் வாரியாக அடுக்கும்போது ஒன்று நழுவிப்போகிறது. இந்தப் படத்தை யார் எடுக்கச் சொன்னார்கள், யார் வாங்கினார்கள்? எனக்கு இதுதான் முதல் கேள்வி. ‘உழைப்பாளர்’ என்று ஒரே பெட்டியில் போடும் அட்டைகளில் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன.

ஒன்று, சுற்றுலாப் பயணிக்காக ஆயிரக்கணக்கில் அச்சடித்தது. பிரான்சின் லாண்ட் பகுதியில் பொய்க்கால் கட்டி நடந்த ஆட்டு இடையர்களின் அட்டைகள் எவ்வளவு கிடைக்கின்றன பாருங்கள். சதுப்பு நிலத்தில் நடக்கவும் தூரத்து மந்தையைக் கண்காணிக்கவும் கட்டிய கால்கள் அவை. ஆனால் 1857-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு அந்த நிலத்தில் வடிகால் வெட்டி, பைன் மரம் நட ஆரம்பித்துவிட்டார்கள். அஞ்சலட்டை மோகம் உச்சத்தில் இருந்த காலத்தில் மேய்ச்சலே அருகிவிட்டது. மறைந்துகொண்டிருந்த ஒரு வேலையை, வாங்குகிறவர் ஆசைப்பட்டார் என்பதற்காக நிறுத்திவைத்து எடுத்த படங்கள்தான் அவற்றில் நிறைய. பெல்ஜியத்தின் நாய் வண்டிப் பால்காரிகளும் அந்த வகைதான். வேலை நிஜம், நிற்கும் நிலை கடைக்காரருக்காக. காலனி நாடுகளில் எடுத்தவை இன்னும் மோசம். மனிதரை ‘மாதிரி’ என்று தலைப்புப் போட்டு விற்றார்கள். பெயர் கிடையாது, அவர் கேட்டு எடுத்ததும் இல்லை.

இன்னொன்று, கதிர்க்கட்டு காட்டும் ரகம். ஊர் ஊராகப் போகும் புகைப்படக்காரர் களத்துக்கு வருவார், எல்லோரையும் நிறுத்தி ஒரு படம், இரண்டு நாளில் அட்டைகளோடு திரும்பி வந்து படத்தில் நின்றவர்களுக்கே விற்பார். இல்லாவிட்டால் வீட்டில் ஒருவரிடமே கேமரா இருந்திருக்கும். 1903-ல் கோடாக் கம்பெனி 3ஏ என்ற மடக்குக் கேமராவை விட்டது. அதன் நெகட்டிவே அஞ்சலட்டை அளவு, மூன்றேகால் அங்குலத்துக்கு ஐந்தரை. பெரிதாக்கும் கருவி வேண்டாம், அஞ்சலட்டைத் தாள் மேல் நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டினால் படம். பத்து பிரதி போட்டார்களோ, ஒன்றே ஒன்றோ. இதில் நிற்பவர் தன்னைத் தானே அனுப்புகிறார். ‘இதோ நான், இதுதான் என் வேலை’ என்று அக்காவுக்கோ தம்பிக்கோ எழுதுகிறார். தலைக்கு மேல் பேனாவால் பெருக்கல் குறி போட்ட அட்டைகளைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் குறியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்தால் வேடம் எது, வாழ்க்கை எது என்பது குழம்பிவிடும்.

லூப்கண்:

கதிர்க்கட்டு சொன்ன திரும்பிய ‘எஸ்’ஸும் இதற்கு ஒரு சாட்சி. வெள்ளை எழுத்து எப்படி வருகிறது தெரியுமா? நெகட்டிவ் மேல் மையால் எழுதுவார்கள், மை வெளிச்சத்தை மறைக்கும், பிரதியில் அந்த இடம் வெள்ளையாக விழும். பூச்சுப் பக்கம் எழுதினால் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி எழுத வேண்டும். அவசரத்தில் ஓர் எழுத்தை நேராக எழுதிவிட்டால் அது பிரதியில் திரும்பிவிடும். ‘எஸ்’, ‘என்’ இரண்டும்தான் அதிகம் மாட்டும். பெரிய அச்சகத்தில் இப்படி விட மாட்டார்கள். ஒரு மனிதர் இரவு விளக்கடியில் குனிந்து எழுதியது உங்களிடம் இருப்பது.

சக்கரம்:

பெல்ட் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? பழைய இயந்திரங்கள்தான் எனக்குப் பைத்தியம். கதிர்க்கட்டு போட்ட ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்து ஒரு மணி நேரம் போய்விட்டது.

பெல்ட் நடுவில் எட்டு போலக் குறுக்கே முறுக்கியிருக்கிறது. தவறாக மாட்டியது இல்லை, வேண்டுமென்றே செய்வது. அவ்வளவு நீளப் பெல்ட் நேராக ஓடினால் காற்றில் படபடத்துக் கப்பியை விட்டு நழுவும், முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு நீளம் எதற்கு என்றால் நெருப்புப் பயம்தான். எஞ்சின் புகைபோக்கியில் பொறி பறக்கும், பக்கத்தில் காய்ந்த வைக்கோல் போர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் எஞ்சினை நிறுத்துவார்கள். படத்தில் புகை இயந்திரத்தை விட்டு விலகி எதிர்ப்பக்கம் போகிறது பாருங்கள். வேலை தெரிந்தவர்கள்.

இப்போது பெல்ட்டின் விளிம்பைக் கவனியுங்கள். துல்லியமாக இருக்கிறது, ஒரு தையல்கூடத் தெரிகிறது. ஓடும் பெல்ட் கலங்கலாகத்தான் விழும். ஆகவே படத்துக்காக வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். புகை வருகிறது என்றால் நெருப்பு அணையவில்லை, கொஞ்ச நேரம்தான் நின்றிருக்கிறது. பதினான்கு பேரும் கையில் கருவியைக் கீழே போடாமல் நிற்பது அதனால்தானோ என்னவோ.

முகங்கள் ஏன் இவ்வளவு கறுப்பு என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அன்றைய படச்சுருள்களில் பெரும்பாலானவை நீலத்துக்கு நன்றாக மசியும், சிவப்புக்கு மசியாது. அதனால் வானம் வெள்ளையாகிவிடும், வெயிலில் சிவந்த முகம் கருத்துவிடும். தொப்பி மறைத்த நெற்றி மட்டும் வெளுப்பாகத் தெரிகிறதே, இரண்டாவது ஆளைப் பாருங்கள், தொப்பியைக் கழற்றிப் பிடித்திருக்கிறார். புருவத்துக்கு மேல் கோடு கிழித்தமாதிரி இரண்டு நிறம். வெயில் எங்கே நின்றது என்பதை அந்தக் கோடு காட்டுகிறது.

வாளியில் தண்ணீரா சாப்பாடா என்று சொல்ல மாட்டேன். படத்தில் இல்லாததை நாம் சொல்லக் கூடாது.

அட்டைப்பெட்டி:

தறிக்காரி சொன்னதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடத்துக்கு முன் ஓர் ஆல்பத்தைக் கலைத்தேன். கொட்டகை கட்டும் படம் ஒன்று, வைக்கோல் ஏற்றும் படம் ஒன்று, ஒன்றைக் கட்டட வேலைப் பெட்டியிலும் மற்றதை அறுவடைப் பெட்டியிலும் போட்டேன். கட்டடப் படத்தை அப்புறம் வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தும் விட்டேன். ரொம்ப நாள் கழித்து வைக்கோல் படத்தை லூப்பில் பார்க்கிறேன், பின்னால் நிற்கும் கொட்டகையின் கூரை முகப்பில் அதே நட்சத்திர வேலைப்பாடு. அதே குடும்பம், அதே இடம், கட்டியபோதும் நிறைந்தபோதும். ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்திருக்கிறது. சேர்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. போன அட்டையைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

தொழில் வாரியாகப் பார்ப்பதை விட மாட்டேன். ஆனால் அதை இப்போது ஸ்கேனில் வைத்துச் செய்கிறேன், அட்டையைத் தொடுவதில்லை.

காகிதச்செவிலி:

எழுதியதற்கு நன்றி அண்ணா. ஸ்கேன் என்றால் இரண்டு பக்கமும், அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், வெட்டாமல் ஓரத்தோடு எடுங்கள். நிறம் சரிசெய்து, கறையைத் துடைத்து அழகுபடுத்திய கோப்பைத் தனியாக வையுங்கள், முதல் கோப்பு அப்படியே இருக்கட்டும்.

உறைக்கு பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். மளிகைக் கவர் மாதிரி மணக்கும் பிவிசி உறை வேண்டவே வேண்டாம், சில வருடத்தில் படத்தோடு ஒட்டிப் பிசுபிசுக்கும். குறிப்பு எழுதுவதானால் உறையில் எழுதுங்கள், அட்டையில் எழுதாதீர்கள். அலமாரியில் வெள்ளிமீன் பூச்சி இருக்கிறதா பாருங்கள், ஜெலட்டின் என்றால் அதற்கு விருந்து. தபால்தலையைக் கழற்றி எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே இருந்தால் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். தபால் முத்திரையில் பாதி தபால்தலையோடு போய்விடும், ஊர் பெயரும் தேதியும் அதில்தான்.

முத்திரைப்பிரியன்:

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள், சரிதான். சின்ன வயதில் நிறையக் கழற்றியிருக்கிறேன். இப்போது ஊர் பெயருக்காக ஏங்குகிறேன். பிற்காலத்தில் மூடிய சின்னத் தபாலாபீஸ்கள் எத்தனையோ, அந்த ஊர் இருந்ததற்கே சில சமயம் முத்திரைதான் சாட்சி.

கதிர்க்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சின்னக் கேள்வி. 17-ஆம் பக்கத்தில் ஒரு மக்காச்சோளக் கதிர் முழு வண்டியையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. லூப்பில் பார்த்தால் புள்ளி இல்லை. இதுவும் நிஜப் புகைப்படமா?

லூப்கண்:

நிஜப் புகைப்படம்தான், நிஜக் கதிர்தான், அளவு மட்டும் பொய். இரண்டு படங்களை வெட்டி ஒட்டி மறுபடி படம் எடுப்பார்கள். கான்சாஸ் மாநிலத்து ஒட்டாவா ஊரில் வில்லியம் மார்ட்டின் என்ற ஸ்டூடியோக்காரரும், விஸ்கான்சினில் ஆல்ஃபிரட் ஸ்டான்லி ஜான்சனும் இதில் பேர்போனவர்கள். கீழே ஓரத்தில் பெயர் இருக்கிறதா பாருங்கள். உழைப்பு அட்டைகளுக்கு நடுவில் சேர்த்தவர் இதை வைத்திருக்கிறார் என்றால் அவர் மனசு எனக்குப் பிடித்துவிட்டது. எடுத்துவிடாதீர்கள்.

கதிர்க்கட்டு (நான்கு மாதம் கழித்து):

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். காகிதச்செவிலி சொன்ன முறையில் வேலை செய்யும் ஒருவரிடம் அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்திருந்தேன். மறுபுறம் வெறும் தாளாக இருந்தது பெரிய அதிர்ஷ்டம். மற்ற 21 அட்டைகளையும் தொடவில்லை, தொடப்போவதும் இல்லை.

நேற்று அட்டை திரும்பி வந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தபால்தலைக் கட்டம் முழுசாகத் தெரிகிறது: ‘ஏ இஸட் ஓ’, இரண்டு மேலே, இரண்டு கீழே. முத்திரைப்பிரியன் சார் சரியாகச் சொன்னீர்கள், நான் உடையை நம்பித் தப்புப் பண்ணினேன். அட்டை தபாலில் போகவில்லை, முகவரி இடத்தையும் சேர்த்து முதுகு முழுக்கப் பென்சில். பசை இருந்த நான்கு திட்டுகளில் எழுத்து போய்விட்டது. மிச்சத்தைப் படித்துத் தமிழில் தருகிறேன்:

மழையால் மூன்று நாள் தாமதம், இன்று சாயங்காலம் முடிந்துவிடும். அம்மாவின் கை இப்போது பரவாயில்லை. தண்ணீர் வண்டியில் பூட்டியிருக்கும் குதிரைகள் நம்முடையவை இல்லை. வாளியோடு நிற்பது யாரென்று பார், எவ்வளவு வளர்ந்துவிட்டாள்.

அதற்கடுத்து ஒரு பெயர். முதல் எழுத்து ‘ஈ’ மட்டும் மிஞ்சியிருக்கிறது, அப்புறம் பசைத் திட்டு.

அட்டையை அதே பக்கத்தில், அதே இடத்தில் தாள் மூலைகள் வைத்துச் செருகிவிட்டேன். இரு பக்க ஸ்கேனும் கீழே இருக்கிறது.

சக்கரம்:

நான் அந்தக் குதிரைகளைப் பார்க்கவே இல்லை! எஞ்சின் கொதிகலனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வண்டி, வைக்கோல் போருக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிறது. இரண்டு குதிரைகளும் நல்ல உயரம். இரவல் குதிரையைச் சொந்தம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று எழுதியிருக்கிறார். எவ்வளவு நேர்மையான மனுஷர்.

தறிக்காரி:

‘எவ்வளவு வளர்ந்துவிட்டாள்.’ நாலைந்து தடவை படித்துவிட்டேன்.

அட்டைப்பெட்டி:

கதிர்க்கட்டு, உங்கள் ஸ்கேனில் வெள்ளை எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு என் அறுவடைப் பெட்டியைக் கீழே இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஓர் அட்டையில் அதே கை. ‘எஸ்’ திரும்பியிருக்கிறது, ‘டி’யின் மேல்கோடு அதே மாதிரி வலப்பக்கம் நீண்டு வளைகிறது, கடைசியில் அதே சின்னக் கோடு. இது வைக்கோல் ஏற்றும் படம், எஞ்சின் இல்லை, வாளிப் பெண்ணும் இல்லை. எந்த ஆல்பத்திலிருந்து எடுத்தேன் என்று என்னிடம் குறிப்பு கிடையாது.

நாளைக்கு இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்துப் போடுகிறேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் அட்டையை அனுப்பிவைக்கிறேன், அந்த ஆல்பத்தோடு இருக்கட்டும்.